தேவாலயம் காலியாகிறது, மேடையில் சிலுவை ஏறுகிறது: ஐரோப்பாவில் என்ன நடக்கிறது?

#1 இசார்க்கரை (மியூனிக்)

2018 ஏப்ரல் 24 அன்று ஜெர்மனியின் பவேரிய மாநில அமைச்சரவை ஓர் ஆணை போட்டது. ஜூன் 1 முதல் மாநில அரசின் ஒவ்வோர் அலுவலகத்திலும், நுழைந்ததும் கண்ணில் படும்படி, ஒரு சிலுவை தொங்க வேண்டும். மார்க்குஸ் சோடர் முதல்வராகி சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அக்டோபரில் சட்டமன்றத் தேர்தல். வலது பக்கத்திலிருந்து, குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி, சோடரின் ஆளும் கட்சியான சிஎஸ்யுவின் வாக்குகளை அரித்துக்கொண்டிருந்தது. ஆணை வந்த அன்றே முதல்வர் தன் கையால் ஒரு சிலுவையை எடுத்து மாட்ட, கேமராக்கள் படம் பிடித்தன.

சோடர் நூரன்பெர்க்காரர், லூத்தரன், அதாவது புராட்டஸ்டன்ட். சிலுவை மதச் சின்னம் என்பதைவிட பவேரிய அடையாளத்தின், வாழ்க்கை முறையின் சின்னம் என்றுதான் அவர் வாதிட்டார். அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர் மியூனிக் பேராயர் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸ். அப்போது ஜெர்மன் ஆயர் பேரவையின் தலைவர் அவர்தான். சிலுவையை வெறும் பண்பாட்டுச் சின்னமாகப் பார்ப்பவர் அதைப் புரிந்துகொள்ளவே இல்லை, இந்த ஆணை பிரிவினையைத்தான் கொண்டுவந்திருக்கிறது என்று பேட்டி கொடுத்தார். அரசு சிலுவை மாட்டுகிறது, கர்தினால் வேண்டாம் என்கிறார். யோசித்தால் வேடிக்கைதான்.

வழக்கும் நடந்தது. 2023 டிசம்பரில் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது. அதனால் யாருடைய மதச் சுதந்திரமும் பறிபோகவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதாவது, அந்தச் சிலுவை யாரையும் எதையும் நம்பச் சொல்லவில்லை, அதனால் பிரச்சினை இல்லை. நான் விசுவாசியாக இருந்தால் தோற்ற தரப்பைவிட எனக்குத்தான் இந்தத் தீர்ப்பு அதிகம் வலித்திருக்கும்.

தேர்தலில் ஆணை கைகொடுத்ததாகவும் தெரியவில்லை. 2013இல் 47.7 சதவீதம் வாங்கிய சிஎஸ்யு, 2018இல் 37.2க்கு இறங்கியது.

இதைக் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனோடு சேர்த்துப் பாருங்கள். 2014 அக்டோபரில் அங்கே பெகிடா என்ற குடியேற்ற எதிர்ப்பு இயக்கத்தின் ஊர்வலங்கள் தொடங்கின. கிறிஸ்தவ மேற்குலகை இஸ்லாமியமயமாவதிலிருந்து காப்பாற்றப் போகிறோம் என்றார்கள். ஜெர்மன் கொடியின் கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்களில் சிலுவை தூக்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் ஓபரா அரங்கின் முன்னால் கூடி கரோல் பாடினார்கள். 2015 ஜனவரியில் ஒரு திங்கள்கிழமை போலீஸ் கணக்குப்படி 25,000 பேர். அப்போது டிரெஸ்டன் இருக்கும் சாக்ஸனி மாநிலத்தில் எந்தத் திருச்சபையிலாவது உறுப்பினராக இருந்தவர் சுமார் நாலில் ஒருவர். முஸ்லிம்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. முஸ்லிம்களும் சொற்பம், பூசைக்கும் ஆள் இல்லை. பிறகு யாரிடமிருந்து எதைக் காப்பாற்றினார்கள்?

இது விசுவாசம் திரும்பி வருவதன் அறிகுறி அல்ல என்பது என் எண்ணம். விசுவாசம் போன பிறகு மிஞ்சிய சின்னத்தை, யார் நம்மவர், யார் அந்நியர் என்று கோடு போட எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே வாழ்பவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையபேப்பர் (சென்னை)

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது சகோ? ஓட்டுக்காகச் சாமியைத் தூக்குவது உலகம் முழுக்க உள்ளதுதானே. நம்ம ஊரில்...

#3 மட்டுறுத்துநர்

உள்ளூர் அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகலாம். இங்கே ஐரோப்பா, அமெரிக்கா மட்டும்.

#4 வன்னியூரான் (ஹம், ஜெர்மனி)

இசார்க்கரை அண்ணை, நீங்கள் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கோயிலுக்கு உண்மையிலேயே போகிற சனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் கெவலார் என்று ஒரு மாதா தலம். ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஐரோப்பா முழுவதிலும் இருந்து ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுவோம். மடு மாதாவிடம் போனது போலத்தான், சைவக்காரரும் நேர்த்தி வைத்து வருவார்கள். நான் சைவம், எனக்கும் அங்கே நேர்த்தி உண்டு. அந்த ஊர்க் கோயில்காரர் இத்தனை வருடமாக எங்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 2015இல் சிரியா அகதிகள் வந்தபோது எங்கள் பகுதியில் உடுப்பு சேர்த்தது, ஜெர்மன் படிப்பித்தது எல்லாம் பங்கில் இருந்த வயதான பெண்கள்தான். நாடு கடத்தப்படப் போகிறவர்களைத் தேவாலயத்துக்குள் தங்கவைக்கும் வழக்கமும் 1983இல் பெர்லினில் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. அதற்காகப் பாதிரிமார் சிலர் வழக்கையும் சந்தித்திருக்கிறார்கள்.

ஆயர்மாரும் வழவழா என்று பேசவில்லை. 2024 பெப்ரவரியில் அவுக்ஸ்பூர்க் கூட்டத்தில் ஒருமனதாக ஓர் அறிக்கை விட்டார்கள். இனவாதத் தேசியமும் கிறிஸ்தவமும் ஒன்றாக நிற்க முடியாது, ஏஎஃப்டி போன்ற கட்சி கிறிஸ்தவர் வாக்களிக்கத் தக்கதல்ல என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். கட்சியின் பெயரைச் சொல்லி ஆயர் பேரவை இப்படிப் பேசுவது லேசான காரியம் இல்லை.

#5 லைப்சிக் மாறன்

முதல் பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. நான்காம் பதிவோடு இன்னும் இல்லை.

'பூசைக்கு வராதவன் சிலுவை தூக்கக் கூடாது' என்று யார் சட்டம் போட்டது? கிழக்கு ஜெர்மனியில் விசுவாசம் தானாகப் போகவில்லை. நாற்பது வருடம் ஒரு கம்யூனிச அரசு திட்டமிட்டு அதைக் கழற்றியது. தேவாலயத்தில் உறுதிப்பூசுதல் வாங்கிய பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் சந்தேகம். அதற்குப் பதிலாகப் பதினான்கு வயதில் அரசின் இளைஞர் விழாவில் சோஷலிசத்துக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டி. அவர்களிடம் போய் உனக்கு விசுவாசம் இல்லை, அதனால் உன் கையில் இருப்பது போலிச் சிலுவை என்றால் எப்படி?

இன்னொன்று. 1989இல் இந்த ஊரின் நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கள்கிழமைதோறும் அமைதிக்கான செபம் நடந்தது. அக்டோபர் 9 அன்று அங்கிருந்து கம்யூனிச ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய கூட்டம் 70,000. 'நாங்களே மக்கள்' என்ற முழக்கம் அப்போது பிறந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஞானஸ்நானம் இருந்திருக்காது. அன்றைக்கு யாரும் அவர்களிடம் 'நீ பூசைக்கு வருகிறாயா' என்று கேட்கவில்லை. பெகிடா ஏன் திங்கள்கிழமையைத் தேர்ந்தது, ஏன் அதே முழக்கத்தைப் போட்டது? அந்த நினைவு இங்கே எவ்வளவு ஆழம் என்று தெரிந்துதான். அதைத் திருட்டு என்று சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் வந்த ஆட்களின் கோபம் போலி அல்ல. பெர்லின் சுவர் விழுந்த பிறகு, அரசு ஆலைகளைத் தனியாருக்கு மாற்ற அமைத்த ட்ராய்ஹாண்ட் நிறுவனம் நாலைந்து வருடத்தில் கிழக்கின் ஆலைகளை விற்றது அல்லது மூடியது. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இளைஞர்கள், அதிலும் பெண்கள், மேற்கே போய்விட்டார்கள். கட்சி போனது, ஆலை போனது, ஆலையோடு இருந்த பாட்டுக் குழுவும் கால்பந்துக் குழுவும் போயின. தேவாலயமோ முன்னாடியே போய்விட்டது. அப்புறம் யாரோ வந்து 'உனக்கு ஒரு நாகரிகம் இருக்கிறது, ஆயிரம் வருடப் பழமை' என்றால் கேட்கத்தானே செய்வான்?

அப்புறம் இந்த விளக்கணைப்பு. 2015 ஜனவரியில் பெகிடாவுக்கு எதிராகக் கொலோன் பேராலயம் விளக்குகளை அணைத்தது. அதே வருடம் ஏஎஃப்டியின் தீவிர வலதுசாரித் தலைவர் ஹொக்கே பேசியபோது எர்ஃபுர்ட் பேராலயமும் அணைத்தது. மேற்கில் கைதட்டினார்கள். கீழே சதுக்கத்தில் நின்றவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யாராவது யோசித்தார்களா? அவன் வாழ்நாளில் தேவாலயம் அவனோடு பேசிய ஒரே வாக்கியம் அந்த இருட்டுதான். ஆயர்கள் அகதியைத் தேடிப் போனார்கள், நல்லது. இவனைத் தேடி யார் போனார்கள்?

#6 இசார்க்கரை (மியூனிக்)

மாறன், கோபம் போலி என்று நான் எழுதவில்லை. கோபத்துக்கு மாட்டிவிட்ட சட்டை வேறு யாருடையதோ என்கிறேன். ட்ராய்ஹாண்ட் செய்ததற்குச் சிரியாக்காரன் எப்படிப் பொறுப்பாவான்?

எர்ஃபுர்ட் விஷயத்தில் உங்கள் கேள்வி நியாயமானது, பதில் என்னிடம் இல்லை. ஆனால் அணைக்காமல் விட்டிருந்தால் அடுத்த நாள் ஹொக்கே படத்துக்குப் பின்னால் பேராலயம் ஒளிவீசியிருக்கும். அதுவும் ஒரு வாக்கியம்தான்.

கிழக்கை மட்டும் பேசுவது ஓரவஞ்சனை என்று தோன்றினால் மற்ற நாடுகளைப் பாருங்கள். இத்தாலியில் லேகா கட்சித் தலைவர் சால்வினி 2019 மே மாதம் மிலான் பேராலயச் சதுக்கத்தில் செபமாலையைக் கையில் தூக்கி மரியாளிடம் வெற்றியை ஒப்படைத்தார். வாடிகனின் வெளிப்படையான அதிருப்தியை வாங்கிக்கொண்டார். இதே மனிதர்தான் உள்துறை அமைச்சராக மத்தியதரைக்கடலில் மீட்கப்பட்டவர்களின் கப்பல்களுக்குத் துறைமுகத்தை மூடியவர். ஹங்கேரியில் அப்போது பிரதமராக இருந்த ஓர்பான் இன்னும் நுணுக்கம். 2021 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் புடாபெஸ்ட் வந்தபோது அவர் கொடுத்த பரிசு, 13ஆம் நூற்றாண்டில் நான்காம் பேலா மன்னர் மங்கோலியருக்கு எதிராக மேற்கின் உதவி கேட்டு அன்றைய போப்புக்கு எழுதிய கடிதத்தின் நகல். கிறிஸ்தவ ஹங்கேரியை அழிய விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதாக அன்றே பேஸ்புக்கில் போட்டார். போப் அன்று பூசை முடிவில் சொன்னது, சிலுவை மண்ணில் ஊன்றி நிற்கிறது, ஆனால் கைகளை எல்லோருக்கும் விரிக்கிறது என்ற பொருளில். ஒரே நாளில் ஒரே சின்னத்துக்கு இரண்டு விளக்கவுரை.

மதிப்பீடுகள் மாறியிருப்பதையும் கவனியுங்கள். நெதர்லாந்தில் பிம் ஃபார்ட்டூய்ன் என்ற அரசியல்வாதி வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளர். 2002இல் கொல்லப்படும் முன் அவர் வைத்த வாதம், எங்கள் சுதந்திரங்களுக்கு இஸ்லாம் ஆபத்து என்பது. இன்று அதே இடத்தில் கீர்ட் வில்டர்ஸ். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், யூத கிறிஸ்தவப் பண்பாட்டின் காவலர். ஏஎஃப்டியின் தலைவர்களில் ஒருவரான அலிஸ் வைடல் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார். அவர் கட்சியின் செயல்திட்டமோ குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்கிறது. ஐம்பது வருடம் முன்பு எந்த மதவாதக் கட்சியிலும் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. பழைய ஒழுக்க விதிகளை யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் வசதி. சிலுவை எல்லையில் மட்டும்.

#7 டல்லாஸ் ரவி

இசார்க்கரை, உங்கள் சூத்திரம் அட்லாண்டிக்கைத் தாண்டினால் வேலை செய்யாது. இங்கே தேவாலயம் நிரம்பி வழிகிறது, அந்தக் கூட்டம்தான் ட்ரம்ப்பின் கோட்டை. 2016இல் வெள்ளை எவாஞ்சலிக்கல் (வேதாகமத்தை முதன்மையாக வைக்கும் புராட்டஸ்டன்ட்) வாக்காளர்களில் 81 சதவீதம் அவருக்குப் போட்டார்கள். ஐரோப்பாவில் பூசைக்குப் போகிறவன் இந்தக் கட்சிகளைவிட்டு விலகி நிற்கிறான் என்றால், இங்கே நேர் எதிர்.

ஆனால் மதிப்பீடு மாறியது பற்றிச் சொன்னீர்களே, அதற்கு இங்கே இருப்பதைவிடத் தெளிவான சாட்சி எங்கும் கிடைக்காது. 1998இல், ஜனாதிபதி கிளின்டனின் பாலியல் விவகாரம் நாறிக்கொண்டிருந்தபோது, தெற்கத்திய பாப்டிஸ்ட் பேரவை ஒரு தீர்மானம் போட்டது. தலைவர்களின் பெரிய தவறுகளைப் பொறுத்துக்கொண்டால் சமூகத்தின் மனசாட்சியே மரத்துப்போகும் என்று. சரி, அழகான தீர்மானம். பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் 2011இல் ஒரு கேள்வி கேட்டது: தனிவாழ்க்கையில் ஒழுக்கக்கேடு செய்த அரசியல்வாதி பொதுப்பணியை நேர்மையாகச் செய்ய முடியுமா? வெள்ளை எவாஞ்சலிக்கல்களில் ஆம் என்றவர் 30 சதவீதம். அதே கேள்வியை 2016இல் கேட்டார்கள். 72 சதவீதம். ஐந்து வருடத்தில் வேதாகமத்தில் ஒரு வசனமும் மாறவில்லை, வேட்பாளர் மாறினார். இருந்த எல்லாப் பிரிவினரையும்விட இந்த விஷயத்தில் கறாராக இருந்தவர்கள் எல்லோரையும்விடத் தாராளமாகிவிட்டார்கள்.

எனக்கு அடுத்த வீட்டுக்காரர் பாப்டிஸ்ட் சபை மூப்பர், நல்ல மனிதர், என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஜெபிப்பவர். இதைப் பற்றிக் கேட்டேன். 'எனக்கு ஞாயிறு பள்ளி ஆசிரியர் தேவையில்லை, காவலாள் தேவை' என்றார். பாரசீக அரசன் கோரேசை உதாரணம் காட்டினார்; விசுவாசி இல்லாத அரசனைக் கொண்டு கடவுள் இஸ்ரயேலை மீட்டார் அல்லவா என்று. இந்தக் கோரேசு வாதம் இங்கே சபைக்குச் சபை கேட்கும்.

உங்கள் பக்கம் சாயும் ஒரு தகவலும் உண்டு. 2016இல் எவாஞ்சலிக்கல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத வெள்ளை ட்ரம்ப் ஆதரவாளர்களில் 16 சதவீதம் பேர் 2020க்குள் அப்படிச் சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள் என்று பியூ ஆய்வு மையம் கண்டது. மனம் திரும்பி வந்தவர்கள் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்சியின் வழியாக மதத்துக்குள் நுழைகிறார்கள். இன்னொரு பக்கம், அமெரிக்கரில் சபை உறுப்பினராக இருப்பவர் 1999இல் 70 சதவீதம், 2020இல் 47. கேலப் கருத்துக்கணிப்புக் கணக்கு. உள்ளே வருபவனும் வெளியே போகிறவனும் ஒரே காரணத்துக்காக நகர்கிறான் என்று சந்தேகப்படுகிறேன்.

#8 வன்னியூரான் (ஹம், ஜெர்மனி)

ரவி அண்ணை, கத்தோலிக்கரை விட்டுவிட்டீர்கள். 2025 தொடக்கத்தில் துணை ஜனாதிபதி வான்ஸ் முதலில் குடும்பம், பிறகு அயலவன், பிறகு நாடு, கடைசியில்தான் மற்ற உலகம் என்று அன்புக்கு வரிசை போட்டார். அதுதான் பழைய கிறிஸ்தவப் படிப்பினை என்றார். 2019இல் கத்தோலிக்கரானவர். பெப்ரவரி 10 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதி, அன்பின் உண்மையான ஒழுங்கைத் தேடுகிறவர் நல்ல சமாரியன் உவமையைத் தியானிக்கட்டும் என்றார். சைவக்காரனான எனக்கே அந்த உவமையில் விழுந்து கிடந்தவனின் ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை என்று விளங்குகிறது.

#9 பழையபேப்பர் (சென்னை)

ஒரு சந்தேகம். ஜெர்மனியில் ஆயர்கள் இவ்வளவு நல்லவர்கள் என்றால் சனம் ஏன் வெளியேறுகிறது? 2022இல் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு ஐந்து லட்சத்துக்கு மேல் விலகினார்கள் என்று படித்தேன்.

#10 இசார்க்கரை (மியூனிக்)

5,22,821 பேர். இரண்டு காரணம். ஒன்று, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளும் அவற்றை மூடிமறைத்ததும். அந்த வருட ஜனவரியில்தான் மியூனிக் பேராயத்தைப் பற்றிய அறிக்கை வந்து, முன்னாள் போப் பெனடிக்ட் பெயர்வரை அடிபட்டது. இரண்டாவது, வரி. இங்கே திருச்சபை உறுப்பினர் என்றால் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரி சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். விலக வேண்டுமானால் அரசு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். பவேரியாவில் அது பதிவு அலுவலகம், கல்யாணத்தைப் பதிகிற அதே இடம். ஆயர்கள் அகதிகளைப் பற்றிச் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் எந்த வாயால் சொல்கிறார்கள் என்று சனம் பார்க்கிறது.

#11 கிராக்கோ மீனா

இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போலந்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் வருகிறேன்.

இங்கே திருச்சபையும் வலதுசாரி வெகுஜன அரசியலும் எதிரெதிர் நிற்கவில்லை, தோளோடு தோள் நின்றன. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் திருச்சபைதான் சனத்தின் பக்கம் நின்றது, அந்த மரியாதை மலை அளவு. 2015 முதல் 2023 வரை ஆண்ட பிஐஎஸ் (சட்டமும் நீதியும்) என்ற வலதுசாரிக் கட்சி அதில் ஏறி உட்கார்ந்தது. அருள்தந்தை ரிட்சிக்கின் கத்தோலிக்க வானொலியான ரேடியோ மரியாவில் அமைச்சர்கள் வந்து போனார்கள். 2020 அக்டோபர் 22 அன்று அரசியல் சாசனத் தீர்ப்பாயம் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுவதும் தடை செய்தது. அடுத்த ஞாயிறு இளம் பெண்கள் பதாகையோடு பூசை நடுவில் தேவாலயங்களுக்குள் நுழைந்தார்கள். போலந்தில் அதற்கு முன் யாரும் கற்பனைகூடச் செய்யாத காட்சி. என்னோடு வேலை செய்த பெண்கள், முதல் நன்மை வாங்கியவர்கள், தெருவில் நின்று ஆயர்களைத் திட்டினார்கள்.

சிபிஓஎஸ் கருத்துக்கணிப்புப்படி 18 முதல் 24 வயதுக்காரரில் ஒழுங்காகப் பூசைக்குப் போகிறவர் 1992இல் 69 சதவீதம், 2021இல் 23. ஜெர்மனியில் கிழக்கே ஓர் அரசு நாற்பது வருடம் எடுத்துச் செய்ததை, இங்கே முப்பது வருடச் சுதந்திரம் செய்தது. கடைசி சில வருடம் பிஐஎஸ்ஸின் நட்பு வேகப்படுத்தியது என்பது என் கணிப்பு. 2023 தேர்தலில் 74 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு, பிஐஎஸ் ஆட்சியை இழந்தது. 2025 செப்டம்பரிலிருந்து பள்ளியில் சமய வகுப்பு வாரத்துக்கு இரண்டு மணியிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஆயர்கள் எதிர்த்தார்கள், பெரிதாக யாரும் தெருவுக்கு வரவில்லை.

#12 லைப்சிக் மாறன்

மீனா, அப்படியானால் போலந்தில் வெகுஜன வலதுசாரி முடிந்தது என்கிறீர்களா? 2025 ஜூனில் நவ்ரோட்ஸ்கி ஜெயித்தாரே.

#13 கிராக்கோ மீனா

இல்லை மாறன், அதைத்தான் சொல்ல வந்தேன். பிஐஎஸ் ஆதரவோடு நின்ற நவ்ரோட்ஸ்கி 50.89 சதவீதத்தில் ஜனாதிபதியானார். முதல் சுற்றைப் பாருங்கள், அதுதான் முக்கியம். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் முதலிடம் பிடித்தவர் ஸ்லாவோமிர் மென்ட்சென். வரி வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியம் தலையிட வேண்டாம், குடியேறிகள் வேண்டாம் என்பவர். பிஐஎஸ்ஸுக்கும் வலது பக்கம். டிக்டாக்கில்தான் வளர்ந்தார். பூசையை விட்ட அதே தலைமுறை. அவரும் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்பவர்தான், ஆனால் என் அலுவலகத்தில் அவருக்கு வாக்களித்த பையன்களிடம் பேசினால் மாதாவும் வரமாட்டார், போப்பும் வரமாட்டார். வீட்டு வாடகையும் உக்ரைன்காரர்களும்தான் வருகிறார்கள். அவர்களோடு படித்த பெண்கள் பலர் இடதுசாரி வேட்பாளருக்குப் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறது.

இசார்க்கரை, உங்கள் ஊரில் சிலுவையாவது மேடையில் மிஞ்சியது. இங்கே அடுத்த தலைமுறை வலதுசாரிக்கு அதுகூடத் தேவைப்படாது போலிருக்கிறது.

#14 இசார்க்கரை (மியூனிக்)

பிரான்சில் 2025 ஈஸ்டரில் 10,384 பெரியவர்கள் திருமுழுக்கு வாங்கினார்கள், முந்தைய வருடத்தைவிட 45 சதவீதம் கூடுதல், நிறையப் பேர் இளைஞர்கள். மொத்த மக்கள்தொகையில் இது சிறு துளி, தெரியும். ஆனால் இவர்கள் வீட்டு வழக்கத்தால் வந்தவர்கள் அல்ல, தாங்களாகக் கதவைத் தட்டியவர்கள். இவர்கள் வாக்கு எங்கே போகும் என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? பாரிஸ் நண்பர்கள் இந்தக் குழுமத்தில் இருந்தால் எழுதுங்கள்.